பள்ளி மணிக்கு முன்பே தொடங்கும் ஷிப்ட்: திருப்பூரின் வெளிமாநில மாணவர்களும் பள்ளி ஆலோசனையும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஷிப்ட் காலை 8.30 மணிக்குத் தொடங்குகிறது. பள்ளியில் முதல் மணி அடிக்க 9 மணி தாண்டிவிடும். மாலையில் பள்ளி விட்டு வெகுநேரம் கழித்துத்தான் அம்மாவும் அப்பாவும் வீடு திரும்புவார்கள். சரக்கு அனுப்பும் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓடும். வீடு வந்து சேர இரவு 9 மணி ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க் குடும்பத்துக்குப் பாட்டி இருப்பார், இல்லாவிட்டால் அடுத்த வீட்டு அக்கா இருப்பார். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, காம்பவுண்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பத்துக்குப் பாட்டி இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருக்கிறார். பன்னிரண்டு வயது மூத்த பெண்தான் அந்த வீட்டின் பாட்டி. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அன்று அவளுக்குப் பள்ளி இல்லை.

வேற்றிடத்திலிருந்து வந்த மாணவர்களுக்குப் பள்ளி ஆலோசகர்கள் எப்படித் துணை நிற்கலாம் என்பது பற்றி உலகெங்கும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வந்த எழுத்துகளில் பெரும்பகுதி, பண்பாட்டு வேறுபாட்டையும் இரண்டு உலகங்களுக்கு நடுவே வளரும் பிள்ளையின் தவிப்பையும் பற்றியது. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் அவற்றை அப்படியே எடுத்துத் திருப்பூருக்குப் பொருத்தினால் பெரிய பகுதி ஒன்று விடுபட்டுப்போகிறது. இங்கே ஒரு பிள்ளையின் மனத்துயரம் ஷிப்ட் நேரத்தோடும் ரயில் டிக்கெட்டோடும் வாடகை அறையோடும் புரியாத பாடப்புத்தகத்தோடும் பின்னிக் கிடக்கிறது. தனி அறையில் நாற்காலி போட்டுப் பேசும் ஆலோசகரைவிட, பிள்ளையின் மொழி தெரிந்து, வீட்டுக்கும் கம்பெனிக்கும் பள்ளிக்குமாக நடக்கிற ஒருவரே இந்த ஊருக்கு முதலில் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மனநல மருத்துவமும் உளவியலும் அவருக்குப் பின்னால் நிற்கட்டும்.

யார் வந்தார்கள்

வந்தவர்களால் வளர்ந்த ஊர் திருப்பூர். சுதந்திரப் போராட்டக் காலத்திலேயே, குஜராத்தி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த பத்மாவதி ஆஷர் இந்த ஊரின் முன்னணிப் போராட்டக்காரர்களில் ஒருவராக இருந்தார். ஆஷர் நகர் இன்றும் இருக்கிறது. பின்னலாடை ஏற்றுமதி வேகமெடுத்த 1980, 90-களில் மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 2009-இல் தனி மாவட்டமான திருப்பூரில் 2011 கணக்கெடுப்பின்படி 24.79 லட்சம் பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடு கூடியபோது, திருப்பூர்ப் பகுதியில் 29 விழுக்காடு கூடியது. வெளிமாநிலக் குடும்பங்கள் பெருகியது பெரும்பாலும் அந்தக் கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். அதற்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்காததால், வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அரசின் எண்ணிக்கைக்குள் வரவே இல்லை.

முதலில் தனி ஆட்களாக வந்தவர்கள் கம்பெனி விடுதிகளில் தங்கினார்கள். ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் கை பழகி டைலராகிச் சம்பளம் கூடியதும் மனைவி வந்தார். அவரும் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ சேர்ந்தார். பிறகு பிள்ளைகள் வந்தார்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் எக்ஸ்பிரஸ் ஜார்க்கண்டையும் ஒடிசாவையும் தாண்டித் திருப்பூரில் நிற்கும்போது இப்போது பள்ளிப் பைகளும் இறங்குகின்றன. அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், வீரபாண்டி, மங்கலம், பெருமாநல்லூர் என்று தொழில் பரவிய திசைகளிலெல்லாம் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் குமாரி, யாதவ், நாயக், முர்மு என்ற பெயர்கள் ஏறின. காதர்பேட்டையில் துணி வாங்க வந்து ராயபுரம் பக்கம் தங்கிய நைஜீரிய வணிகர்களும் இந்த ஊரின் கதையில் உண்டு. ஆனால் அரசுப் பள்ளியின் கேள்வி முக்கியமாக இந்தியாவுக்குள்ளேயே இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. நாட்டு எல்லையைத் தாண்டாதவர்கள் என்பதால் அவர்களைக் குடியேறிகள் என்று யாரும் எண்ணுவதில்லை. எழுத்தும் பேச்சும் உணவும் உறவுமுறையும் மாறிவிட்ட ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எந்த வகையிலும் சிறிய பயணம் அல்ல.

இவர்கள் எல்லோரும் இந்தி பேசுபவர்கள் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் பரவலாக இருக்கிறது. பீகார்ப் பிள்ளைக்கு வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ இருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்த பழங்குடிப் பிள்ளை சந்தாலியோ சாத்ரியோ பேசும். ஒடிசா, வங்காளம், அசாம் பிள்ளைகளில் பலருக்கு இந்தி கேட்டால் புரியும், அவ்வளவுதான். ‘இந்தி தெரிந்த ஒருவரைப் போட்டால் போதும்’ என்று தீர்வு எழுதுகிறவர்கள், சந்தாலி பேசும் பிள்ளையை இரண்டாவது முறையாக அந்நியமாக்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க தெளிவோடு இருக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது பிரிவு 9. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானதைக் காரணம் காட்டவும் முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது பிரிவு 4. இவற்றையெல்லாம் அதிகாரிகள் அறிவார்கள். அதிகம் பேசப்படாதது பிரிவு 29. பிள்ளையை அச்சம், மன அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவிப்பதைப் பாடத்திட்டத்தின் கடமைகளுள் ஒன்றாகவே அது வைக்கிறது. இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்கவும் சொல்கிறது. அதாவது பள்ளி ஆலோசனை என்பது சலுகையோ கூடுதல் வசதியோ அல்ல. சட்டம் கேட்கும் கல்வியின் உட்பகுதி அது.

நடைமுறையில் பெற்றோர் பள்ளி வாசலுக்கு வரும்போது முதலில் கேட்கப்படுவது ஆதார், பிறகு பழைய பள்ளியின் டி.சி. ஊரிலிருந்து அவசரமாகக் கிளம்பியவர்களிடம் டி.சி. இருக்காது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைப் புதிதாகப் பதியலாமா, வேறு எங்காவது ஏற்கெனவே இருக்கிறதா என்ற குழப்பத்தில் சில நாட்கள் போகும். சில தலைமை ஆசிரியர்கள் ‘முதலில் வந்து உட்காரட்டும், பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். அவர்களே இந்தச் சட்டத்தின் உண்மையான நிறைவேற்றுநர்கள்.

சாதிச் சான்று வேறொரு சிக்கல். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல், மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. பீகாரில் பட்டியல் சாதியாக உள்ள ஒரு மாணவி, திருப்பூரில் உதவித்தொகை விண்ணப்பத்தில் அப்படி நிரப்ப முடியாது. அதேபோல், கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்ணை ஓராண்டு வீட்டில் நிறுத்தினால், அல்லது ஊரிலேயே விட்டுவிட்டு எட்டாம் வகுப்பில் அழைத்துவந்தால், பின்னால் எதை இழக்கிறாள் என்று அந்தப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடிய ஆள்தான் ஆலோசகர். இதை மனநலப் பணி அல்ல என்று ஒதுக்கினால், குடும்பத்தின் அச்சத்தில் பாதியை ஒதுக்கிவிடுகிறோம்.

பேசாத பிள்ளை

புதிதாகச் சேர்ந்த வெளிமாநிலப் பிள்ளை பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில், வகுப்பில் வாயே திறப்பதில்லை. இரண்டாவது மொழி கற்பவர்களிடம் இந்த மௌனம் இயல்பு என்பதைக் கற்றல் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். காது வேலை செய்துகொண்டிருக்கும், நாக்கு காத்திருக்கும். ஆனால் அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்த மௌனம் ‘மந்தம்’ என்று படுகிறது. எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. ஓராண்டில் அதே பிள்ளை காம்பவுண்டுப் பிள்ளைகளோடு விளையாடிக் கொங்குத் தமிழைச் சரளமாகப் பிடித்துக்கொள்கிறது. ‘ஏனுங் டீச்சர்’ என்று கூப்பிடுகிறது. உடனே மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். பிறகு தேர்வில் மதிப்பெண் வரவில்லை என்றால், பிள்ளையின் மூளையின் மேல் சந்தேகம் திரும்புகிறது.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் செய்த ஆய்வு இந்த இடத்தில் நமக்கு நேரடியாக உதவும். அன்றாடப் பேச்சு மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடுகிறது. பாடப்புத்தகம் கேட்கும் மொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று அவர் கண்டார். குடியேறிய பிள்ளைகள் நானூறு பேருக்கு மேற்பட்டோரின் உளவியல் மதிப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்த அவர், பேச்சுச் சரளத்தை வைத்து மொழித் தடை இல்லை என்று முடிவுசெய்து, கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்திய போக்கை 1984-இல் எடுத்துக்காட்டினார். தமிழில் இந்த இடைவெளி இன்னும் அகலம். தெருவில் கற்ற தமிழ் வேறு, பாடநூலின் தமிழ் வேறு. தேவநாகரியில் நான்கு எழுத்துகளாகப் பிரித்துப் பழகிய ஒலிகளுக்கு ஒரே ஒரு ‘க’ தான் என்பதிலேயே ஒரு பிள்ளை பல நாட்கள் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கற்றல் குறைபாடு என்று வட்டார வள மையத்துக்கு அனுப்புவதற்கு முன், பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டு மொழியில் கதை சொல்லத் தெரிந்த, தெரிந்த எழுத்தில் கூட்டல் கழித்தல் போடத் தெரிந்த பிள்ளைக்குக் குறைபாடு இருக்க வாய்ப்பு குறைவு.

2006-இன் தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயமான தமிழ், 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. ஆறாம் ஏழாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு அந்தத் தாள் ஒரு மதில். இந்தச் சட்டம் வேண்டாம் என்பது என் கருத்தல்ல. இங்கே வாழப்போகிற பிள்ளைக்குத் தமிழ்தான் வேலைக்கும் நட்புக்கும் வழி. ஆனால் மதிலைக் காட்டினால் ஏணியும் தர வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை அண்மையில் கொண்டுவந்த ‘தமிழ் மொழி கற்போம்’ திட்டம் அந்த ஏணியின் தொடக்கம். அது தொடக்க வகுப்போடு நிற்காமல், நடுநிலை வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கும் எட்ட வேண்டும். அந்தப் பிள்ளைகள்தான் முதலில் கழன்று கம்பெனிக்குப் போகிறவர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாய்மொழியை இழக்கச் சொல்லாதே என்பதுதான் இந்த மாநிலத்தின் மொழிப் போராட்டத்தின் உள்ளீடு. 1968 முதல் இருமொழிக் கொள்கையைக் காத்துவரும் மாநிலத்தில், ஓர் ஒடியாப் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் ஒடியாவில் விளக்கம் சொல்வது அந்தக் கொள்கைக்கு மாறானது ஆகாது. அதன் நியாயத்தை அடுத்தவர் பிள்ளைக்கும் தருவதாகும்.

பத்து வயது மொழிபெயர்ப்பாளர்

பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடுவே மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளையேதான். ‘உங்கள் மகன் வீட்டுப்பாடம் செய்வதில்லை, நேற்று ஒருவனை அடித்துவிட்டான்’ என்று ஆசிரியர் சொல்வதை அந்த மகனே அம்மாவுக்குப் பெயர்க்கிறான். என்ன பெயர்ப்பான் என்று ஊகிக்கலாம். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. அரசு மருத்துவமனையில் அம்மாவின் வயிற்று வலியையும், வீட்டுக்காரரிடம் வாடகைத் தகராறையும், மேஸ்திரியிடம் சம்பளப் பாக்கியையும் அதே பிள்ளைதான் பேசுகிறது. பெரியவர்களின் கவலைகள் அனைத்தும் ஒரு சிறுவனின் வாய் வழியாகப் போகின்றன. அப்பா தலைகுனிவதை அவன் பார்க்கிறான். வீட்டில் யாருக்கு அதிகாரம் என்பதே குழம்பிப்போகிறது. இந்தப் பாரத்தை இறக்கிவைப்பதுதான் ஆலோசகர் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம்: பெற்றோரிடம் பேச வேறொரு பெரியவரைக் கொண்டுவருவது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவாகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறது. குற்றம் நடந்த பிறகு கிடைக்கும் அந்த உரிமை, அதற்கு முந்தைய நாள் வரை அந்தப் பிள்ளைக்கு இல்லை. பெற்றோர் இல்லாத மாலை நேரம், பல குடும்பங்கள் பகிரும் குளியலறை, முன்பின் தெரியாத ஆட்கள் வந்துபோகும் காம்பவுண்டு: ஆபத்து எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி பள்ளிகளில் வைக்கப்பட்டிருப்பது நல்ல ஏற்பாடு. தமிழில் எழுதத் தெரியாத பெண் அதில் எதைப் போடுவாள்? எந்த மொழியிலும் எழுதலாம் என்று பெட்டியின் மேல் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதிவைக்கச் செலவே ஆகாது.

தீபாவளி முதல் ஹோலி வரை

திருப்பூரில் ஆண்டின் நடுக்கோடு தீபாவளி போனஸ். அது கைக்கு வந்ததும் கம்பெனிகள் அடைத்துவிடும், ஊர் காலியாகும். வெளிமாநிலக் குடும்பங்களும் அப்போதுதான் கிளம்புகின்றன. பீகார்க் குடும்பங்களுக்குத் தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. முன்பதிவு கிடைத்த தேதியில் போய், கிடைத்த தேதியில் திரும்ப வேண்டும். பள்ளி ஒரு வாரத்தில் திறந்துவிடும். பிள்ளை வர ஒரு மாதம் ஆகலாம். வந்ததும் அரையாண்டுத் தேர்வு. மார்ச்சில் ஹோலி, அது ஆண்டுத் தேர்வு, பொதுத்தேர்வுக் காலம். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் எமிஸில் ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்குத் தள்ளப்பட்டால், திரும்பி வரும் பிள்ளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பல பள்ளிகளில் பண்பாட்டுப் பன்மை என்றால் ஆண்டுவிழாவில் பல மாநில உடை அணிந்து ஆடுவது. ஆடட்டும், பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தேர்வு அட்டவணை போடும்போது சட் பூஜை எந்தத் தேதி என்று ஒருவர் பார்த்தால் அதுவே பெரிய மரியாதை. போகும் முன் பெற்றோரிடம் திரும்பும் தேதியைக் கேட்டு எழுதிவைப்பதும், ஊரில் செய்ய நான்கு பக்கப் பயிற்சித்தாள் கொடுத்தனுப்புவதும், வராவிட்டால் பதினைந்தாம் நாள் ஃபோன் போடுவதும் நடந்தாலே இடைநிற்றல் கணிசமாகக் குறையும் என்பது என் நம்பிக்கை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுகிறது. அம்மா 8 மணிக்கே கிளம்பிவிடும் வீடு அல்லவா? ரொட்டி பழகிய பிள்ளை முதல் வாரம் பொங்கலைத் தொடாமல் இருக்கலாம். இரண்டாம் வாரம் வரிசையில் முதலில் நிற்கும். ஒரே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம் செய்கிற வேலையை எந்த விழிப்புணர்வு வகுப்பும் செய்ய முடியாது.

பட்டப்பெயர் வேறு விஷயம். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் மாநிலத்தைச் சொல்லிக் கூப்பிடுவது, வடக்கிலிருந்து வந்தவன் என்ற இளக்காரம், பெரியவர்கள் பேச்சிலிருந்து வகுப்பறைக்கு வருகின்றன. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசின் குழு ஒன்று திருப்பூருக்கே வந்து விசாரித்தது. மாவட்ட நிர்வாகமும் ஏற்றுமதியாளர்களும் இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரத்தில்தான் ஹோலி வந்தது. ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் பயந்து ஓடுவதாகச் செய்தி ஆனது. போலீஸும் தொழிலாளர் துறையும் பெரியவர்களிடம் பேசின. வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள், ஒவ்வொருவர் வீட்டு ஃபோனிலும் வேறு வேறு காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களிடம் பேசத் தெரிந்த, பேச நேரமுள்ள ஆள் அந்த வாரம் எத்தனை பள்ளிகளில் இருந்தார்? அடுத்த வதந்தி வரும் முன் அந்த ஆள் இருக்க வேண்டும்.

இப்போது யார் செய்கிறார்கள்

அரசுப் பள்ளியில் முழுநேர ஆலோசகர் என்று ஒருவர் பொதுவாக இல்லை. பல பள்ளிகளைச் சுற்றிவரும் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் வந்தன. 2018-இல் 14417 என்ற கல்வி உதவி எண் வந்தது. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் 14416 நாடு முழுவதும் தொடங்கியது. தேர்வுப் பயத்தில் தவிக்கும் மாணவருக்கு இவை உயிர்காக்கும் துணை, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தானே ஃபோன் எடுத்து, தன் துயரத்தை வார்த்தையில் சொல்லத் தெரிந்த மாணவருக்கான ஏற்பாடுகள் இவை. எட்டு வயது முர்மு ஃபோன் போடமாட்டான்.

2025 ஜூலை 25-இல் சுக்தேவ் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்றும், சிறிய நிலையங்கள் வெளி நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றும் வழிகாட்டுதல் தந்தது. மாணவர் தற்கொலைகளைப் பற்றிய வழக்கு அது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பது 250 மாணவருக்கு ஒருவர். இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் அந்தக் கணக்குக்கு எட்டுப் பேர் வேண்டும். அது உடனே நடக்காது. ஆனால் தீர்ப்பில் உள்ள ‘சமூகப் பணியாளர்’ என்ற வழியை நாம் கவனிக்க வேண்டும். திருப்பூருக்குப் பொருத்தமான வாசல் அதுதான்.

இன்று அந்த இடத்தை நிரப்புபவர்கள் வகுப்பு ஆசிரியர்கள்; பல வேளைகளில் தம் பைசாவில் நோட்டு வாங்கித் தந்து, அரைகுறை இந்தியில் பெற்றோரிடம் பேசுபவர்கள். சேவ் போன்ற தொண்டு அமைப்புகள் குழந்தைத் தொழிலாளர் மீட்பிலிருந்து தொடங்கி இந்தப் பிள்ளைகள் வரை வந்திருக்கின்றன. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்கள் பள்ளிக்குள் நுழைய முதல் படியாக இருந்தன. பின்னர் அத்திட்டம் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டது. அதன் பிறகு, பி.எம். ஸ்ரீ என்ற மத்தியப் பள்ளித் திட்ட ஒப்பந்தம் பற்றிய தகராறில் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. சிறப்புப் பயிற்சியும் தன்னார்வலர் மதிப்பூதியமும் எந்தப் பணத்தில் நடக்கின்றனவோ அந்தப் பணம் அது. பீகார்ப் பிள்ளையின் தமிழ் வகுப்புக்கான காசைத் தில்லி நிறுத்தியது என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு முன்மாதிரிகள்

அடுத்த மாநிலத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 2017-இல் ‘ரோஷ்னி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாவூர், பினானிபுரம் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதிகளில் வெளிமாநிலப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில், அவர்கள் மொழியும் மலையாளமும் தெரிந்த தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு முன்பே சிறப்பு வகுப்பு எடுத்தார்கள். வீட்டு மொழியில் தொடங்கி மலையாளத்துக்கு நகரும் முறை அது. காலைச் சாப்பாடும் உண்டு. பெற்றோர் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கிறது. மொழி, பசி, பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே மணி நேரத்தில் கவனிக்கப்பட்டதால்தான் அது வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

இன்னொரு முன்மாதிரி நம் மக்களோடு சம்பந்தப்பட்டது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து டொராண்டோவில் தஞ்சமடைந்த தமிழர்களின் பிள்ளைகள் ஆங்கிலம் தெரியாமல் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்தார்கள். பெற்றோர் இரண்டு ஷிப்ட் வேலை. ஆசிரியரோடு பேச மொழி இல்லை. 1990-களின் இறுதியில் ஒன்டாரியோவில், குடியேறியோர் நலப் பணியாளர்களைப் பள்ளிக்குள்ளேயே அமர்த்தும் திட்டம் தொடங்கியது. அவர்களில் தமிழ் பேசுபவர்களும் இருந்தார்கள். அவர்கள் உளவியலாளர்கள் அல்ல. தாமும் குடியேறி வந்தவர்கள், வழி தெரிந்தவர்கள். விண்ணப்பம் நிரப்பித் தருவதிலிருந்து தொடங்கி, வீட்டில் சண்டை என்றால் உரிய இடத்துக்கு அழைத்துப்போவது வரை அவர்கள் வேலை. பள்ளி வாரியம் தமிழ் வகுப்பும் நடத்தியது. நம் பிள்ளைகளுக்கு அந்நிய மண்ணில் கிடைத்த அந்தக் கைத்தாங்கலைப் பார்த்துப் பெருமைப்படும் நாம், அதையே திருப்பூரில் மற்றவர் பிள்ளைக்குத் தர வேண்டும்.

என்ன செய்யலாம்

ஆட்கள் திருப்பூரிலேயே இருக்கிறார்கள். சிறு வயதில் பெற்றோரோடு வந்து, இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வெளிமாநிலப் பெண்கள் காம்பவுண்டுகளில் இருக்கிறார்கள். தமிழும் தெரியும், வீட்டு மொழியும் தெரியும். அவர்களில் பலர் இப்போது செக்கிங்கில் நிற்கிறார்கள். ஐந்தாறு பள்ளிகளுக்கு ஒருவர் வீதம் அவர்களைப் பயிற்றுவித்துப் பள்ளிப் பணியாளராக்கலாம். வாரம் ஒரு நாள் ஒரு தகுதியுள்ள உளவியலாளர் அவர்களோடு உட்கார்ந்து, கடினமான பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும். தற்கொலை எண்ணம், வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவை உடனே நிபுணரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் போக வேண்டும். பயிற்சி பெறாத அன்பு சில வேளை தீங்கும் செய்யும் என்பதால் இந்த மேற்பார்வையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், அவர்களுள் நலிந்த பிரிவினருக்குத் தக்க இடம் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வெளிமாநிலப் பிள்ளைகள் கணிசமாக உள்ள பள்ளியில் அவர்களின் அம்மா ஒருவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். வேலை நாள் மாலையில் கூட்டம் வைத்தால் அவர் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம்.

கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலைசெய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. அது ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு. பள்ளி விட்ட பிறகு ஏழு வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டர்கள் வருகிறார்கள். தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார்கள், உள்ளே சிறுவர் யாரும் வேலைசெய்கிறார்களா என்று தேடுகிறார்கள். தொழிலாளியின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டால், கம்பெனி ஹெச்.ஆர். மேஜையில் அந்தப் பட்டியல் ஒரே மாதத்தில் தயாராகும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் மாவட்டக் கல்வி அலுவலகமும் சேர்ந்தால், காம்பவுண்டுகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில் மாலை 4.30 முதல் இரவு 8.30 வரை பள்ளி வளாகத்தையே திறந்துவைக்கலாம்: படிக்க, விளையாட, சிற்றுண்டி சாப்பிட.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 விழுக்காடாக்கியபோது திருப்பூரின் ஆர்டர்கள் தள்ளிப்போயின, ஓவர்டைம் நின்றது. அப்படிப்பட்ட மாதங்களில் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பிவிடுகின்றன. பிள்ளை பாதி ஆண்டில் பள்ளியை விடுகிறது. கப்பல் தேதியும் வரி விகிதமும் ஆசிரியர் கையில் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை கிளம்பும் நாளில், எமிஸ் எண்ணும் இதுவரை கற்றதன் சுருக்கமும் எழுதிய ஒரு காகிதம் அவன் பையில் இருப்பதும், ஊர்ப் பள்ளியில் அவன் சேர்ந்துவிட்டானா என்று ஒரு மாதம் கழித்து அவன் மொழியில் யாரோ ஒருவர் ஃபோனில் கேட்பதும் இந்த ஊரால் முடியும்.